ஜெட்சன்ஸ் குடும்பத்தைச் சனிக்கிழமை காலைக்குத் திரும்பக் கொண்டுவர என்ன வேண்டும்?

கேட்டது இதுதான்: சின்ன வயதில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்த ஜெட்சன்ஸ் மாதிரி ஒரு பழைய குடும்பக் கார்ட்டூனைத் தமிழில் பேசவைத்து, சனிக்கிழமை காலை டிவியில் மறுபடி போட்டால் எடுபடுமா? இன்றைக்குப் போனைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைகள் அதைப் பார்ப்பார்களா?

எடுபடும். ஆனால் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துச் செய்தால் நாலு வாரத்தில் தூக்கிவிடுவார்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் கட்டிலில் சாய்ந்திருக்கும் அத்தைக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தால்தான் அது குடும்பக் கார்ட்டூன். இதை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக டப்பிங் பேசுகிறேன், அதில் பெரும்பகுதி சின்னப் பையன்களின் குரல். வீடு ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம், வேலையெல்லாம் வடபழனி, சாலிகிராமம் பக்கம். ஒரு கார்ட்டூன் எங்கே ஜீவனோடு இருக்கிறது, எங்கே செத்துப்போகிறது என்பதை மைக் முன்னால் நின்று பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஜெட்சன்ஸ் சனிக்கிழமை காலைக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 1962 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு அமெரிக்காவில் ஏபிசி சேனலில் ஆரம்பித்தது. இரவுச் சாப்பாடு முடிந்து குடும்பமே டிவி முன்னால் இருக்கிற நேரம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1960-ல், அதே ஹன்னா-பார்பேரா ஸ்டூடியோ பிளின்ட்ஸ்டோன்ஸை வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு இறக்கி ஜெயித்திருந்தது. அது எவ்வளவு பெரியவர்கள் சமாசாரம் என்றால், ஆரம்ப வருடங்களில் அதற்கு விளம்பரம் கொடுத்ததே ஒரு சிகரெட் கம்பெனி, அந்தக் கார்ட்டூனின் நாயகர்கள் பிரெட்டும் பார்னியும் விளம்பரத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். கற்காலத்தில் வைத்த குடும்பம் ஓடியது, சரி, இன்னொரு குடும்பத்தை நூறு வருடம் முன்னால் தள்ளி 2062-ல் வைப்போம் என்று வந்ததுதான் ஜெட்சன்ஸ். பட்டனை அழுத்துவதே வேலையான அப்பா ஜார்ஜ், அம்மா ஜேன், காலேஜை எட்டாத வயசுப் பெண் ஜூடி, சின்னவன் எல்ராய், நாய் ஆஸ்ட்ரோ, வேலைக்கார ரோபோ ரோசி, உயிரை வாங்கும் முதலாளி ஸ்பேஸ்லி.

அது அன்றைக்கு ஓடவில்லை. எதிர்ச் சேனலில் அதே நேரத்தில் வால்ட் டிஸ்னியின் கலர் நிகழ்ச்சி. ஜெட்சன்ஸும் கலரில் எடுத்ததுதான், ஏபிசியின் முதல் கலர் தொடரே அதுதான், ஆனால் கலரில் ஒளிபரப்பும் வசதி அந்தச் சேனலின் சில ஊர் நிலையங்களுக்கு மட்டும்தான் இருந்தது. பெரும்பாலானவர்கள் அந்த வண்ணமயமான எதிர்காலத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தார்கள். 24 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் சனிக்கிழமை காலைக்குத் தள்ளினார்கள், அங்கே போய் அது சாகாவரம் வாங்கிக்கொண்டது. வெறும் 24 எபிசோடு, கிட்டத்தட்ட இருபது வருடம், ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்று மூன்று சேனலிலும் மாறி மாறி ஓடியது. வருடா வருடம் புதிதாக ஒரு செட் பிள்ளைகள் டிவி பார்க்கும் வயசுக்கு வந்துகொண்டே இருப்பார்கள் இல்லையா, அவர்களுக்கு அது எப்போதும் புதுசு.

அங்கே சனிக்கிழமை காலை என்பதே ஒரு தனி ஏற்பாடு. பள்ளிக்கூடம் லீவு, அப்பா அம்மா தூங்குகிறார்கள், பிள்ளை எழுந்து தானே டிவியைப் போடும், பொம்மைக் கம்பெனிகளும் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் கம்பெனிகளும் விளம்பரம் கொடுக்கும். இது கெட்டுப்போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968-ல் பெகி சாரன் என்ற தாய் ஆரம்பித்த பெற்றோர் இயக்கம், 1990-ல் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு வந்த சட்டம், 1996-ல் வாரத்துக்கு மூன்று மணி நேரம் கல்வி நிகழ்ச்சி கட்டாயம் என்ற விதி, நாள் முழுக்கக் கார்ட்டூன் போடும் கேபிள் சேனல்கள், எல்லாம் சேர்ந்து அந்தக் காலையைத் தேய்த்துவிட்டன. என்பிசி 1992-லேயே விட்டது, கடைசியாக சிடபிள்யூ சேனல் 2014 செப்டம்பரில் மூடியது. ஆனால் பாருங்கள், 2021 ஜனவரியில் மீடிவி என்ற பழைய நிகழ்ச்சிகளுக்கான சேனல் சனிக்கிழமை காலைக் கார்ட்டூனை மறுபடி ஆரம்பித்தது. ஆக, அங்கே இது வெறும் கனவு இல்லை, நடந்துகொண்டிருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் போன சனிக்கிழமை நானே ஒரு சோதனை செய்தேன். என் மகனுக்குப் பத்து வயசு, அத்தைக்கு எழுபத்திரண்டு. இரண்டு பேரையும் உட்காரவைத்து 1962-ல் வந்த எபிசோடுகளில் இரண்டைப் போட்டேன், இங்கிலீஷில், நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே. பறக்கும் கார் வந்தபோது மகன் அசையவில்லை. சுவரில் பெரிய திரையில் முகம் பார்த்துப் பேசும் காட்சி வந்தது, "வீடியோ கால்தானேம்மா" என்றான். அறுபது வருடம் முன்னால் வாயைப் பிளக்கவைத்த காட்சி எல்லாம் அவனுக்கு எங்கள் வீட்டுக் கூடம். அப்புறம் ஒரு இடம் வரும்: காலங்காத்தால வீடியோ போன் அடிக்கும், ஜேனுக்குத் தலை கலைந்து முகம் கழுவாமல் இருக்கும், அதனால் அலங்காரம் செய்த தன் முகம் மாதிரியே ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேசுவாள். அத்தை கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாடி இது, உன் நாத்தனார் போன் பண்ணா நான் முந்தானையைச் சரி பண்ணிக்கினு உக்கார்ற மாதிரியே கீது" என்று சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மகன் சிரித்தான். அதற்குப் பிறகுதான் அவன் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தான்.

எனக்கு எல்லாம் அந்த இடத்தில் புரிந்துவிட்டது. எதிர்காலம் பழசாகிவிட்டது, குடும்பம் பழசாகவில்லை. முதலாளிக்குப் பயப்படும் அப்பா, சம்பளத்தை எண்ணும் அம்மா, அக்காவைப் போட்டுக்கொடுக்கும் தம்பி, இது எந்த வருடத்திலும் ஓடும். பெரியவர் சிரித்தால்தான் சின்னது திரும்பிப் பார்க்கும்.

தப்பாகச் செய்தவர்கள் எல்லாரும் இதைத்தான் தப்பாகச் செய்தார்கள். 1975-ல் டாம் அண்ட் ஜெர்ரியை ஏபிசியின் சனிக்கிழமை காலைக்குப் புதிதாகச் செய்தார்கள். அடிதடி கூடாது என்று அப்போது கெடுபிடி. விளைவு, பூனையும் எலியும் நண்பர்கள், ஜெர்ரிக்குக் கழுத்தில் ஒரு சிவப்பு போ டை, இரண்டு பேரும் சேர்ந்து ஊர் சுற்றினார்கள். இத்தனைக்கும் செய்தது வேறு யாரும் இல்லை, 1940-ல் அதை உருவாக்கி ஏழு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த அதே ஹன்னாவும் பார்பேராவும். 48 குட்டிக் கதைகள், ஒன்றுகூட யார் ஞாபகத்திலும் இல்லை. 1979-ல் ஸ்கூபி-டூவுக்கு மவுசு குறைகிறது என்று ஸ்கிராப்பி என்ற குட்டி நாயைச் சேர்த்தார்கள், இன்றைக்கும் பழைய ரசிகர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஜெட்சன்ஸையே 1985-ல் மறுபடி ஆரம்பித்து 1987 வரை 51 எபிசோடு எடுத்து மொத்தம் 75 ஆக்கியபோது, ஆர்பிட்டி என்று ஒரு வேற்றுக்கிரகக் குட்டியை வீட்டுக்குள் விட்டார்கள். செல்லமாக ஒன்றைச் சேர்த்தால் பிள்ளைகள் வந்துவிடும் என்ற கணக்கு.

ஆனால் அதே 1985-ல் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். ரோசி எல்லார் மனசிலும் இருக்கிறாள், ஆனால் அந்த முதல் 24-ல் அவள் வந்தது இரண்டே எபிசோடு. சனிக்கிழமை காலைகளில் திரும்பத் திரும்பப் பார்த்ததால் அவள் பெரிய ஆளாகிவிட்டாள். புதிதாக எடுத்தபோது அவளை நிரந்தரமாக வீட்டில் வைத்தார்கள். ஜனங்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பார்த்து அதை வளர்ப்பது ஒரு ரகம், அவர்கள் கேட்காததைத் திணிப்பது இன்னொரு ரகம். 2017-ல் டிஸ்னி டக்டேல்ஸ் என்ற வாத்துக் குடும்பக் கார்ட்டூனைப் புதிதாகச் செய்தபோது முதல் ரகத்தைச் செய்தார்கள். 1987-ல் வந்த பழைய தொடரில் ஹுயி, டூயி, லூயி மூன்று பேருக்கும் சட்டை நிறம் மட்டும்தான் வித்தியாசம், ரஸ்ஸி டெய்லர் என்ற ஒரே நடிகை மூன்று பேருக்கும் பேசினார். புதியதில் மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனிக் குரல், தனித்தனிக் குணம். அவர்கள் அம்மா எங்கே போனாள் என்ற கேள்வியை எடுத்துக் கதையாக்கினார்கள். குடும்பத்தை இன்னும் குடும்பமாக்கினார்கள். அதனால்தான் 2021 வரை ஓடியது.

ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அங்கே சசாய்-சான் என்று ஒரு கார்ட்டூன், 1969 அக்டோபரில் ஆரம்பித்து இன்னும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உலகத்திலேயே அதிக காலம் ஓடும் கார்ட்டூன் தொடர் என்று கின்னஸில் ஏறியது. சாகசம் எதுவும் கிடையாது. ஒரு பெண், அவள் புருஷன், குழந்தை, அப்பா, அம்மா, தம்பி, தங்கை, எல்லாரும் ஒரே வீட்டில். 2013 வரைக்கும் செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டித்தான் செய்தார்கள். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் மிதோரி காதோ 1969-ல் இருந்து அதே குரல். அதில் அப்பாவாகப் பேசியவர் 2014-ல் இறந்தபோது வேறொருவரை வைத்து நிதானமாகத் தொடர்ந்தார்கள். அதை உயிர்ப்பிக்கும் தேவையே வரவில்லை.

குரல் என்றதும் நான் நிற்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஜெட்சன்ஸில் எல்ராய்க்குப் பேசியவர் டாஸ் பட்லர், ஒரு வளர்ந்த ஆண். 1962-லும் அவர்தான், இருபத்திமூன்று வருடம் கழித்து 1985-லும் அவர்தான். ஜூடிக்குப் பேசிய ஜேனட் வால்டோ, 1985-ல் அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடப் பெண்ணாகவே பேசினார். நிஜக் குழந்தையை வைத்துப் பேசவைத்தால் இரண்டு வருடத்தில் குரல் உடைந்துவிடும். எங்கள் தொழிலில் பையன் குரலுக்குப் பெண்களைக் கூப்பிடுவதும் அதனால்தான். ஜார்ஜாகப் பேசிய ஜார்ஜ் ஓ'ஹான்லனும் ஸ்பேஸ்லியாகப் பேசிய மெல் பிளாங்கும் ஜெட்சன்ஸ் திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்த 1989-லேயே இறந்துபோனார்கள், படம் 1990-ல் வந்தது. அந்தப் படத்தில் ஜேனட் வால்டோவை எடுத்துவிட்டு டிஃபனி என்ற இளம் பாடகியின் குரலைப் போட்டார்கள். இளசுகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

இன்னொன்று, அவர்கள் எல்லாரும் ரேடியோ நாடகத்தில் பழகியவர்கள். ஒரே அறையில் சுற்றி நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். அப்பா இழுத்தால் அம்மா வெட்டுவாள், அந்தத் தாளம் அறையில்தான் பிறக்கும். இப்போது இங்கே நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம், தனித்தனி ட்ராக். சில வருடம் முன்னால் ஒரு குடும்பத் தொடருக்கு நான் மகனாகப் பேசினேன், எந்தச் சேனல் என்பது வேண்டாம். அப்பாவாகப் பேசியவரை நான் கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லை. நான் திட்டு வாங்கி அழும் காட்சியை அவர் திட்டுவதற்கு நாலு நாள் முன்னாலேயே அழுது முடித்துவிட்டேன். ஒளிபரப்பில் கேட்டால் நான் தேம்பித் தேம்பி அழுகிறேன், அவர் சும்மா தண்ணீர் கேட்கிற மாதிரித் திட்டுகிறார். சில வாரத்தில் நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு எப்படிப் பிடிக்கும்? அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவே இல்லையே. ஆகவே எவன் இதை மறுபடி கொண்டுவந்தாலும் என் முதல் வேண்டுகோள், அப்பா அம்மா பிள்ளைகள் நாலு பேரையும் வாரம் ஒரு நாள் ஒரே அறையில் நிற்கவையுங்கள். செலவு கொஞ்சம் கூடும். அத்தை தலைமுறை ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு, படம் இல்லாமலே அழுது சிரித்தவர்கள், அவர்கள் காதை ஏமாற்ற முடியாது.

வாயசைவு பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். ஹன்னா-பார்பேரா கார்ட்டூனில் அது சுலபம். டிவிக்குப் பணம் குறைவு என்பதால் முழு உடம்பையும் திரும்பத் திரும்ப வரைய மாட்டார்கள், உடம்பு ஒரு தாளில் அசையாமல் இருக்கும், தலை வேறு தாள், வாய் வேறு தாள். அதை ஒட்டும் இடம் தெரியக்கூடாது என்றுதான் யோகி கரடிக்குக்கூடக் காலரும் டையும். வாய்க்கு ஏழெட்டுப் படம்தான்: ஆ, ஈ, ஓ, மூடிய உதடு, கீழ் உதட்டில் பல் படுவது என்று. அதற்குள் நம் வார்த்தையை உட்காரவைத்துவிடலாம். ஸ்பேஸ்லி ஜார்ஜை வேலையை விட்டுத் தூக்குவதாகக் கத்தும் இடம் அடிக்கடி வரும். இங்கிலீஷில் அந்தக் கடைசி வார்த்தை கீழ் உதட்டில் பல் பட்டு, உடனே அகலமாகத் திறக்கும். 'வேலையை விட்டு நீக்குகிறேன்' என்று மொழிபெயர்த்தால் வாய் நின்ற பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். 'இனி வராதே!' என்று வையுங்கள். வ-வுக்குப் பல், ரா-வுக்கு வாய் அகலம், அச்சாக உட்காரும், அர்த்தமும் எந்தத் தொழிற்சாலைக்காரன் வீட்டிலும் புரியும்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஜார்ஜ் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடும் பட்டையில் நடக்கப்போய், அது நிற்காமல் சுழல, மாட்டிக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்துவார். அந்தக் கத்தலுக்கு என்ன போடுவது என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஜேன் என்ற பெயரை அப்படியே வைத்தால் வாய் பொருந்தும், ஆனால் எங்கள் தெருவில் ஆபத்தில் மாட்டிய எந்தப் புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்? 'ஏண்டி' வாய்க்குப் பொருந்தும், எனக்கு மனசு வரவில்லை. அத்தைதான் சொன்னார்: "ஏம்மா... ஏம்மான்னுதாண்டி உன் மாமா கத்துவாரு, பாத்ரூம்ல தண்ணி நின்னா கூட." ஏ-வுக்கு அதே வாய், பின்னால் வரும் உதடு மூடல் அந்த வேகத்தில் யாருக்கும் தெரியாது. தீர்ந்தது.

நாய் ஆஸ்ட்ரோ பேசும்போது வார்த்தைக்கு முன்னால் ர் என்று ஒட்டும். டான் மெஸ்ஸிக் செய்த வித்தை, பின்னால் 1969-ல் ஸ்கூபிக்கும் அவரே அதைச் செய்தார். இது தமிழில் இன்னும் நன்றாக வரும். நம் இலக்கணப்படி ரகரத்தில் சொல் தொடங்காது, ராமனை இராமன் என்று எழுதியவர்கள் நாம். அதனால் 'ரோறு ரோடு ரண்ணா' என்று ஒரு நாய் கேட்டால் காதுக்கு உடனே அந்நியமாகவும் வேடிக்கையாகவும் இருக்கும். என் மகன் இரண்டு நாளாக வீட்டில் அப்படித்தான் சோறு கேட்கிறான்.

இதில் எனக்கு மனத்தாங்கலான விஷயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ரோசி இங்கிலீஷில் நியூயார்க் உழைக்கும் வர்க்கத்துப் பெண் மாதிரிப் பேசுவாள். தமிழில் செய்யும்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், ரோசிக்கு நார்த் மெட்ராஸ் பாஷை போடுவோம் என்று. வேலைக்காரி, திருடன், அடியாள் என்றால் உடனே எங்கள் பேச்சு. வீட்டுக்காரர்கள் மட்டும் எந்த ஊர் என்றே தெரியாத சுத்தத் தமிழில் பேசுவார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். செய்தால் ஜார்ஜையும் எங்கள் ஆளாக்குங்கள். அவர் யார்? ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் மிஷின் முன்னால் உட்காருகிறவர், முதலாளி பெயரைக் கேட்டாலே வியர்ப்பவர், வீட்டுக்கு வந்தால் மகனிடம் பெரிய மனுஷனாகக் காட்டிக்கொள்பவர். என் அப்பா எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவர், இதே ஆள்தான். பெரம்பூரில் ரயில்பெட்டி செய்தவர் வீட்டிலும், ஹார்பரில் வேலை பார்த்தவர் வீட்டிலும் இதே ஜார்ஜ் இருந்தார். எல்ராய் அவரை 'நைனா' என்று கூப்பிடட்டும். ஒரே ஒரு தடவை அந்த வார்த்தை டிவியில் மரியாதையோடு, பாசத்தோடு வந்தால் வண்ணாரப்பேட்டையில் இருந்து திருவொற்றியூர் வரைக்கும் எத்தனை வீட்டில் நிமிர்ந்து பார்ப்பார்கள் தெரியுமா. டோராவின் கூட்டாளிக் குரங்கு தமிழில் புஜ்ஜி ஆனதால்தான் அது நம்ம வீட்டுக் குரங்கானது.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிலிமைச் சுத்தம் செய்து ஸ்கேன் செய்தால் இன்றைய டிவியிலும் பளிச்சென்று இருக்கும். அகலத் திரையை நிரப்புகிறேன் என்று மேலும் கீழும் வெட்டாதீர்கள், தலையும் காலும் போய்விடும், பக்கத்தில் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைய எபிசோடு 25 நிமிடம் ஓடும், இன்றைய அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிடம்தான் மிஞ்சும். அந்த மூன்று நிமிடத்தை வெட்டும்போது ஜோக்குக்கு முன்னால் வரும் சும்மா நடப்பதையும் உட்காருவதையும் வெட்டிவிடுவார்கள், அப்புறம் ஜோக் எதற்கு வந்தது என்று தெரியாது. வெட்டுவதாக இருந்தால் தமிழ் வசனம் எழுதுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

நேரம். இங்கேதான் கேள்வியில் ஒரு சின்னச் சிக்கல். சனிக்கிழமை காலை அமெரிக்கக் காலை. நமக்கு எப்போதும் ஞாயிறுதான். 1993-ல் தூர்தர்ஷனில் ஜங்கிள் புக் இந்தியில் வந்தபோது ஒரு வார்த்தை புரியாமல் ராயபுரமே ஞாயிறு காலை டிவி முன்னால் உட்கார்ந்தது, நானும்தான். ஆனால் இன்றைய ஞாயிறு வேறு. விடியற்காலையே காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகணும், வந்து ஆய்ந்து, குழம்பு கொதிக்கும் வரை பெண்கள் யாரும் உட்கார முடியாது. சனிக்கிழமை எங்கள் பக்கம் நிறைய வீட்டில் கவுச்சி இல்லை, சாம்பார் ரசத்தோடு சமையல் சீக்கிரம் முடியும். ஆனால் பல தனியார் பள்ளிகள் சனிக்கிழமையும் வைக்கின்றன, இல்லையென்றால் டியூஷன். ஆகவே சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு தடவை, அதையே ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இன்னொரு தடவை போடச் சொல்வேன். இரண்டாவதைத்தான் வீடே பார்க்கும்.

அப்புறம், எந்தச் சேனல் என்பதும் முக்கியம். ஹன்னா-பார்பேராவை 1991-ல் டெட் டர்னர் வாங்கினார், அந்தக் கார்ட்டூன் சரக்கை வைத்துத்தான் 1992-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கே ஆரம்பித்தார், அது 1995-ல் இந்தியாவுக்கு வந்து எங்கள் தெருக் கேபிள்காரர் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. 2003 செப்டம்பரில் சென்னையில் கேபிள் டிவிக்கு கேஸ் (CAS) என்ற புது முறை வந்தது. கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். எங்கள் பக்கம் பாக்ஸ் வாங்க முடியாத வீடுகளில் ஒரே நாளில் அந்தச் சேனல் காணாமல் போனது. பக்கத்து வீட்டுப் பையன் பழைய நம்பரை அழுத்தி அழுத்திப் புள்ளி புள்ளியாக ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் தனிப் பணம் கேட்காத சேனலில் போடுங்கள், மறுநாளே யூடியூபில் முழு எபிசோடையும் ஏற்றுங்கள். போனில் துண்டு துண்டாகப் பார்த்த பையன்தான் சனிக்கிழமை பாட்டியை இழுத்துக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்காருவான்.

புது எபிசோடு எடுப்பது பற்றி அவசரப்பட வேண்டாம். முதலில் அந்த 24-ஐ ஒழுங்காகத் தமிழில் போடுங்கள், யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு ஆறு மாதம் பாருங்கள். அப்புறம் எடுங்கள்.

முதல் வாரம் எதைப் போடுவது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், 1962-ல் முதலில் வந்த அதே எபிசோடுதான். வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஜேன் அலைவாள், காசு கம்மி என்பதால் பழைய மாடல் ரோசியை வெள்ளோட்டத்துக்குக் கூட்டிவருவார்கள், அன்றைக்கென்று பார்த்து முதலாளி சாப்பிட வருவார், கேக் அவர் தலையில் கவிழும். நான் போட்டுக்காட்டிய இரண்டில் ஒன்று அதுதான். தன்னால்தான் வீட்டுக்காரருக்கு வேலை போனது என்று ரோசி கிளம்பும் இடத்தில் மகனுக்குத் தண்ணீர் எடுக்க நான் எழுந்தேன். அத்தை என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தார். "எங்க போற, இரு. அவ திரும்பி வந்துடுவா இல்ல?"